இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

இரண்டு பெட்டிகளோடு நான் வாசலில் இறங்கியபோது, அந்த வீட்டு அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து கதவைத் திறந்தார். "வாம்மா, பெட்டியை அப்படியே போடு. முதல்ல உக்காரு" என்றார். கடல் தாண்டி வந்த எனக்கு அங்கே காதில் விழுந்த முதல் தமிழ் அது. கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஆறு மாதத் தன்னார்வப் பயிற்சிக்குப் போனவள். அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சிக்கு வருபவர்களை, அங்கே படுத்திருக்கும் நோயாளிகளின் வீடுகளிலேயே தங்கவைப்பார்கள். ஒருவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டால் அவரைச் சொந்த மனிதராகப் பார்த்துக்கொள்வோம் என்று நம்பிக்கை. எனக்குக் கிடைத்தது அக்கா வீடு. நான் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அக்காவின் அண்ணன். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் கைகால் விழுந்து, பேச்சும் போய், கண்கள் மட்டும் மிச்சமிருந்தன. இல்லத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவர் ஐயா. அக்காவின் வீட்டுக்காரர் வேறு ஊரில் வேலை பார்த்ததால் வீட்டில் நாங்கள் இருவர்தான். அங்கே டிரைவர் ஐயா முன்பு இருந்த அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். அவர் திடுக்கிடாமல் இருக்கக் காதருகே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண வேண்டும். முதுகில் கொஞ்சம் மருந்துப் பவுடர், அதற்கு அணையாக ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே சின்னதாக இன்னொன்று. பிறகு கட்டில் காலில் தொங்கும் அட்டையில் அந்த மணிக்கு நேராக ஒரு கையெழுத்து.

காலை ஆறிலிருந்து ஒரு மணி வரை என் முறை. முதல் மாதம் ஒழுங்காகத்தான் செய்தேன். அவர் கனமான மனிதர். என் இடுப்பு விட்டுப்போனது. ஒரு நாள் எட்டு மணிக்குப் புரட்டாமல் விட்டேன். வானம் இடிந்து விழவில்லை. மறுநாள் ஆறு மணிக்கே எட்டு, பத்து, பன்னிரண்டு எல்லாவற்றுக்கும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, செல்போனில் படம் பார்க்க உட்கார்ந்தேன். பத்தொன்பது நாள் அப்படி.

நேரத்துக்கு வண்டி எடுத்துப் பழகிய மனிதர் அல்லவா? எட்டு ஆனதும் அவர் கண்கள் என்னைத் தேடும். என் முகத்தில் வந்து நிற்கும். சத்தமில்லாமல் காத்திருக்கும்.

தாங்க முடியாமல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

இருபதாம் நாள் காய்ச்சல். முதுகில் வந்திருந்த படுக்கைப்புண் ஆழமாகி, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. இரண்டே நாளில் போய்விட்டார். தலைமை நர்ஸ் அட்டையைப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் என் கையெழுத்து இருந்தது. "வயசாச்சு, தோல் தாங்கலை" என்று அவரே சொல்லிக்கொண்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த பொண்ணுகூட இப்படிப் பார்த்திருக்காது" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு பாராட்டு.

அவர் போன ஐந்தாம் நாள். காலை வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கினேன். எழுந்தபோது ஜன்னலைப் பார்த்துக் கிடந்தேன். முதுகுக்குப் பின்னால் தலையணை. முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று.

"அக்கா, என் ரூமுக்கு வந்தீங்களா?"

"இல்லையேம்மா. மத்தியானம் படுத்தா நாலரைக்குத்தான் நான் எழுந்திருப்பேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கதவை உள்ளே தாழிட்டுவிட்டுத் தூங்காமல் படுத்திருந்தேன். நல்ல வெயில். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மணி சரியாக இரண்டு.

மருந்துப் பவுடர் வாசனை வந்தது.

கட்டில் ஓரம் லேசாக அமுங்கியது.

என் தோளில் ஒரு கை. இடுப்பில் ஒரு கை.

கண்ணைத் திறக்க என்னால் முடியவில்லை. விரலைக்கூட அசைக்க முடியவில்லை. காதருகே குரலே இல்லாத ஒரு மூச்சு.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

எவ்வளவு பதமாகத் திருப்பினார் தெரியுமா! அதில் கோபம் துளியும் இல்லை. கழுத்தை நெரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தலையணையை முதுகில் அணைத்து வைத்த அந்த அக்கறையில்தான் கூனிக் குறுகிப்போனேன். நான்கு மணிக்கு மறுபடி வந்தார். ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

அடுத்த நாள் வேண்டுமென்றே மூன்றரை மணிக்குத்தான் வீடு திரும்பினேன். படுக்கப் போகவில்லை. அக்கா அன்று சீக்கிரமே எழுந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, என்னை வேலைக்கே வைத்துக்கொள்ளச் சொல்லி இல்லத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பத்தொன்பது நாள், அட்டை, நாற்காலி, எல்லாம்.

அக்கா பேனாவை மூடிவைத்தார்.

"புண்ணை நான் பார்த்தேன்மா. கடைசியா உடம்பைத் துடைச்சப்போ. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன்க்கா கேக்கலை?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேப்பேன்? நானும்தான் சேர்த்துவிட்டதோட கை கழுவிட்டேன். வாரத்துக்கு ஒருதடவை பழத்தை வெச்சுட்டு ஓடிவந்தவ." அவர் குரல் தாழ்ந்தது. "ஊரெல்லாம் உன்னைப் புகழ்ந்தேனே, அது உனக்காக இல்லை. என் தப்பை மூடிக்கத்தான். அப்புறம் நீ பண்றதைப் பார்த்து நெஜமாவே மனசு ஆறிப்போச்சு. அதான் இந்த லெட்டர்."

"நான் என்ன பண்றேன்?"

"தினம் மத்தியானம் மெல்ல வந்து என்னைத் திருப்பிப் படுக்க வெச்சுட்டுப் போறியே. முதுகுக்குத் தலையணைகூட வெச்சுட்டு. செஞ்ச தப்புக்கு மனசு கேக்காம பண்றா பாவம்னு, தூங்கற மாதிரியே கெடப்பேன்."

"அக்கா... நான் உங்க ரூம் பக்கம் வந்ததே இல்லை."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். எழுந்து போக இருவருக்கும் தைரியம் வரவில்லை.

மணி நான்கு ஆயிற்று.

அந்தப் பவுடர் வாசனை மேஜை வரை வந்தது. அக்காவின் இடது தோள், யாரோ கை வைத்தது போல லேசாகத் தாழ்ந்தது.

"போதும்ணா" என்றார் அக்கா, நிமிராமலே. "எங்களுக்கு இது வேண்டாம்ணா."

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் காதருகே மூச்சுப் பட்டது.

"ஒண்ணு..."