துண்டுக்குள் மாறிய தண்ணீர்

தாகத்தின் விலை அந்த ஆண்டு பதினெட்டாயிரம் ரூபாய். நாச்சிமுத்து தன்னுடையதை இருபத்தோராயிரத்துக்கு விற்றார்.

வாங்க வந்த 'ஊற்றகம்' நிறுவனத்துக்காரர், வாங்குகிற எல்லோரையும் போலப் பொருளின் குறைகளை அடுக்கினார். தாகம் நேரத்துக்கு வராது; அது வரும்போது உடம்பு ஏற்கெனவே காய்ந்திருக்கும்; ஐம்பது வயதுக்கு மேல் பாதி நாள் வரவே வராது; சர்க்கரைக்காரனுக்கோ எந்நேரமும் வந்து பொய் சொல்லும். நாச்சிமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஊரு தாகம் அப்படி இருக்கலாமுங்க. என்ற தாகம் எட்டு மணின்னா எட்டு மணிக்கு வந்து நிக்கும். ஒரு நாள் லீவு எடுத்ததில்லை."

மூவாயிரம் ஏறியது. காதுக்குப் பின்னால் ஒரு ஊசி. அதோடு தாகம் என்பது முடிந்த கதை. இடது மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் அரிசி அளவில் ஒரு நீர்விதையைப் பதித்தார்கள். அது இரத்தத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளந்தபடியே இருக்கும். அதன் மேல் ஒரு நீர்வளை. விதை சொல்வதை நூற்றுக்கு இவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். நாற்பதுக்குக் கீழே போனால் சிவப்பு, குடி. எழுபதுக்கு மேலே போனால் நீலம், போதும். இடையில் இருந்தால் பச்சை, பிழைப்பைப் பார். வளையைக் கழற்ற முடியாது. பத்து வருட ஒப்பந்தம், சாவி ஊற்றகத்திடம்.

நல்ல ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. சிறுநீரகக் கல்லோடு அலறியவர்கள் குறைந்தார்கள். வெயிலில் சுருண்டு விழுகிறவர்கள் அநேகமாக இல்லை. தாகம் என்ற சொல்லே பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில்தான் மிச்சமிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை வெளியே நாற்பத்தொன்பது டிகிரி. காங்கேயத்து மாட்டுச் சந்தை இப்போது குளிரூட்டிய கூடத்துக்குள் நடக்கிறது. காலை ஏழு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். மாலையில் நீர்வாசல் வழியாகத்தான் வெளியேற முடியும். வளை பச்சையாக இருந்தால் மட்டுமே அது திறக்கும். குறைநீரோடு வெயிலில் போய் விழுந்தவனுக்கும், தலைசுற்றும் அளவு குடித்துவிட்டுப் போய் விழுந்தவனுக்கும் கூடத்தார் நஷ்டஈடு கொடுத்துக் களைத்த பிறகு வந்த சட்டம் அது. கை நீட்டினால் தானே திறக்கிற குழாய்களும் அப்படித்தான்: நீல வளைக்காரனின் கை நீண்டால் ஒரு சொட்டு விழாது.

கூடத்துக்குள் பேசுகிற ஒவ்வொரு விலையையும் கூரையிலிருக்கும் ஒலிவாங்கிகள் கேட்டு அங்கேயே வரி போட்டுவிடும். ஆகவே பழைய வழக்கம் சாகாமல் பிழைத்தது. கைகளின் மேல் துண்டைப் போர்த்தி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. எந்த விரலை எத்தனை முறை அழுத்தினால் எவ்வளவு என்பது இருவருக்கு மட்டும் தெரியும். வாயில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே விரலில் லட்சத்தை ஏற்றி இறக்குவார்கள்.

செங்காளியப்பனிடம் ஒரு ஜோடி மயிலைக் காளை. மூன்று லட்சம் என்றார் விரலில். நாச்சிமுத்து இரண்டு இருபது என்றார்.

"மழை எப்பிடி மாமா?" என்றார் வாயால்.

"பேயலை மாப்ள. பேஞ்சாலும் உனக்குப் பத்தாது" என்றார் செங்காளியப்பன்.

உண்மையில் உறவில்லை. முப்பது வருடம் ஒருவரையொருவர் ஏமாற்றிப் பழகியதில் வந்த முறை. செங்காளியப்பன் வியர்வைக்காகத் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொள்கிறவர். அந்த ஈரத் துண்டுக்கு அடியில் மணிக்கட்டோடு மணிக்கட்டு உரச, கால் மணி நேரம் பேரம் நடந்தது. படியவில்லை. கையை உதறிக்கொண்டு பிரிந்தார்கள். அப்போது இருவர் வளையிலும் ஐம்பத்தைந்து.

பத்து மணிக்கு நாச்சிமுத்துவின் வளை அறுபது காட்டியது. அவர் ஒன்றும் குடித்திருக்கவில்லை. இருந்தாலும் எண் ஏறினால் வேண்டாமென்று சொல்கிறவனா வியாபாரி? மோர் மிளகாயும் புளிசாதமுமாகச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைத் தொடாமல் எழுந்தார். நண்பகலில் எழுபத்தாறு, நீலம். கூடத்தின் மறுகோடியில் செங்காளியப்பனின் வளை நாற்பதுக்குக் கீழே இறங்கிச் சிவந்து துடித்தது. அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். குடித்தார். இன்னும் இறங்கியது. இன்னும் குடித்தார்.

மூன்று மணிக்கு வீட்டுக்குப் போகலாமென்று நாச்சிமுத்து வாசலுக்கு வந்தார். திறக்கவில்லை. வளையில் எண்பத்தெட்டு. வாசல் காவலில் இருந்த சௌடேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி ரொம்ப ஏத்திட்டீங்களாட்ட இருக்குதுங்க ஐயா. ஒக்காருங்க, இறங்கட்டும்."

"எங்க அம்மிணி ஏத்தறது? காத்தாலயிருந்து ஒரு சொட்டு உள்ள போகலை. போன தடவை ஒண்ணுக்கு எந்திரிச்சப்போ கட்டஞ்சாயா மாதிரி கருத்துப் போச்சு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு பிளந்து கிடந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து ஒற்றைக்காலில் நின்றார். எண்பத்தெட்டுக்காரர் நிற்கிற தோரணை இல்லை அது. குழாயடிக்குப் போய்க் கையை நீட்டினார். குழாய் வாயைத் திறக்கவில்லை. அங்கேதான் செங்காளியப்பன் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்ததும் மறு கையால் அடுத்த தம்ளரைப் பிடித்தார். விரல்கள் மோதிரம் புதைகிற அளவுக்கு வீங்கியிருந்தன. வளையில் முப்பத்தொன்று.

சௌடேஸ்வரி மருத்துவரைத் திரையில் அழைத்தாள். அவர் ஆளைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு. தலைவலி, வாந்தி வேற. நல்லா வத்திப்போயிருக்கார். குடிக்கக் குடுங்க." திரை அணைந்தது.

அவள் ஒரு நிமிடம் இரண்டு வளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காத்தால நீங்க ரெண்டு பேரும் துண்டு போட்டீங்களா?"

"போட்டோம்."

"ஈரத் துண்டா?"

"ஏன், அதுக்கும் வரியா?"

சௌடேஸ்வரிக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஆனால் நடக்காது என்று சேர்த்தே சொல்லியிருந்தார்கள். ஈரத்துணி மூடினால் வளை ஒரு கணம் தன் விதையைத் தவறவிடும். உடனே பக்கத்தில் அதே எண்ணைச் சொல்கிற விதை எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளும். காலையில் இருவரும் ஐம்பத்தைந்து. இப்போது நாச்சிமுத்துவின் கையில் இருப்பது செங்காளியப்பனின் தண்ணீர். செங்காளியப்பனின் கையில் இருப்பது நாச்சிமுத்துவின் வறட்சி. அவர் குடிக்கக் குடிக்க இவருக்குப் போதும் என்றது. இவர் குடிக்காததால் அவரை இன்னும் குடி என்றது. அவள் இதைச் சொல்லி முடிக்குமுன் நாச்சிமுத்து குறுக்கிட்டார்.

"அப்பிடின்னா கதவைத் திற அம்மிணி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம்."

"என்ற கையில இல்லைங்க. பச்சை வந்தாத்தான் திறக்கும். ரெண்டு பேரு பேருலயும் ஊத்தகத்துக்குப் புகார் போட்டேன், நீலம்னா குடிக்காதீங்க, சிவப்புன்னா குடிங்கன்னு பதில் வருது." செங்காளியப்பன் பக்கம் கையை நீட்டினாள். "இன்னும் நாலு தம்ளர் உள்ள போச்சுன்னா அவருக்கு மூளை வீங்கிரும். மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க."

நாச்சிமுத்து காலை இழுத்துக்கொண்டு போய்த் தம்ளரின் மேல் கையை வைத்தார்.

"மாமா, போதும். இது உன்ற கணக்கில்லை, என்ற கணக்கு. வளை மாறிப் போச்சு."

செங்காளியப்பனின் கண்கள் எங்கோ பார்த்தன. நாக்கு குழறியது. ஆனால் வியாபாரம் கடைசியாகத்தான் மனிதனை விட்டுப் போகிறது.

"கையை எடுறா. நான் குடிக்காம மயங்கோணும். நீ ரெண்டு இருபதுக்கு மாட்டை ஓட்டிட்டுப் போவோணும். அதானே?"

"சத்தியமா இல்லை மாமா."

"உன்ற சத்தியத்தை நான் போன வருசம் எருமையோட சேர்த்து வாங்கியிருக்கறேன்."

சௌடேஸ்வரி விளக்கிச் சொன்னாள். தரகு எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார். தம்ளரைப் பிடுங்கப் பார்த்தாள், மல்லுக்கு நின்றார். முக்கால் தம்ளர் உள்ளே போனது. நாச்சிமுத்துவின் வளை தொண்ணூறுக்கு வந்தது.

நாச்சிமுத்து துண்டு போடவில்லை. கூரையில் காது இருக்கிறதென்றும் பார்க்கவில்லை. ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"மூணு லட்சம். நீ கேட்ட விலை. எடுத்துக்கோ."

தம்ளர் பாதி வழியில் நின்றது. செங்காளியப்பன் அவரை வெகுநேரம் பார்த்தார். வீங்கிய முகத்தில் மெல்ல மெல்ல ஒரு பயம் ஏறியது. சாவு பயம்.

"மூணா?"

"மூணு."

"குறைக்கலையா?"

"குறைக்கலை."

தம்ளர் கீழே விழுந்தது. "அம்மிணி," என்றார் செங்காளியப்பன் அழுகிற குரலில், "நாச்சிமுத்து கேட்ட விலைக்கு ஒத்துக்கறான்னா நான் பொழைக்க மாட்டேன். என்ன செய்யோணும்னு சொல்லு சாமி."

செய்யவேண்டியது எளிது, ஆனால் ஆமை வேகம். செங்காளியப்பனின் சிவப்பு வளைக்குத்தான் குழாய் திறக்கும். ஆகவே அவர் பிடித்துக் கொடுக்க, நாச்சிமுத்து குடித்தார். செங்காளியப்பன் உப்பை நக்கிக்கொண்டு கழிவறைக்கும் பெஞ்சுக்குமாக நடந்தார். ஒருவர் எண் இறங்க, மற்றவர் எண் ஏறியது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டையே பார்த்தார்கள். தொண்ணூறு எண்பத்திரண்டானது, முப்பத்தொன்று நாற்பத்தைந்தானது. இரண்டும் ஒரே எண்ணுக்கு வரும் நேரத்தில் மறுபடி ஈரத் துண்டைப் போட்டால் வளைகள் பழையபடி மாறிக்கொள்ளலாம். 'லாம்' என்றுதான் சௌடேஸ்வரியால் சொல்ல முடிந்தது.

சந்தை காலியானது. காளைகளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஆறு மணி நெருங்கும்போது இரண்டு வளையிலும் அறுபத்து மூன்று. துண்டைப் போர்த்திக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவு நேரம் விலை பேசாமல் அந்தக் கைகள் சேர்ந்திருந்ததே இல்லை.

"மாறிருச்சா?" என்றார் நாச்சிமுத்து.

துண்டை எடுத்துப் பார்த்தாள் சௌடேஸ்வரி. அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று. இரண்டும் பச்சை.

"எப்பிடிங்க கண்டுபிடிக்கறது? ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. யாராவது ஒருத்தர் குடிச்சா அரை மணி நேரத்துல தெரியும்."

அரை மணி நேரமில்லை. ஆறு மணிக்கு வாசல் பூட்டிக்கொள்ளும். வெயில் தடைச் சட்டப்படி இந்த இரவு கழிந்தால் அடுத்த திங்கட்கிழமை வரை யாரும் ஊர்விட்டு ஊர் போகக்கூடாது. வாசல் திறந்தது. வெளியே வந்தார்கள்.

செங்காளியப்பனுக்குத் தலைவலி தெளிந்திருந்தது. வண்டியடியில் நின்றபோது நாச்சிமுத்துவுக்கும் ஏதோ தெளிந்துவிட்டது போல.

"மாமா, அந்த மூணு இருக்குது பாரு. அது உசுரைக் காப்பாத்தச் சொன்ன விலை. மாட்டு விலையைத் தனியாப் பேசலாம். ரெண்டு நாப்பது."

செங்காளியப்பன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். காளைகளோடு தன் ஊரான தாராபுரம் போய்விட்டார்.

மறுநாள் காலை தொலைபேசியில் ஒப்பந்தமானது. ஏழு மணிக்கு நாச்சிமுத்து ஒரு தம்ளர் குடிப்பார். ஏழரை வரை செங்காளியப்பன் எதையும் தொடக்கூடாது. யார் வளை ஏறுகிறதோ அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"திரையில காட்டிக் குடிக்கறேன் மாமா, பாத்துக்கோ."

"திரைக்கு வெளிய ஒரு சொம்பு இருக்காதுன்னு என்ன நிச்சயம்? சும்மா குடி."

நாச்சிமுத்து குடித்தார். அவர் வளை இரண்டு ஏறியது. தாராபுரத்தில் செங்காளியப்பனின் வளையும் இரண்டு ஏறியது. ஏனென்றால், மூன்று லட்சம் என்ற சொல்லை அன்று மாலையே விழுங்கினவன் குடிக்கிறேன் என்று சொல்லிக் குடிக்காமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவரும் ஒரு தம்ளர் குடித்திருந்தார்.

"நீ குடிச்சியா மாமா?"

"தொடவே இல்லை. உன்ற வளை ஏறுச்சா?"

"இல்லையே" என்றார் நாச்சிமுத்து, முன்யோசனையாக.

புதன்கிழமை செங்காளியப்பனின் முறை. அவர் குடிக்கவில்லை; இவன் எப்படியும் திருட்டுத்தனமாகக் குடிப்பான் என்று எதிர்பார்த்தார். நாச்சிமுத்துவும் குடிக்கவில்லை. இரண்டு வளையும் ஒவ்வொன்று இறங்கின. அன்று மாலை இருவருக்கும் ஊற்றகத்திலிருந்து குரல்தகவல் வந்தது. இரண்டு நாளாகப் பச்சையிலேயே இருப்பதற்குப் பாராட்டு. தங்கள் புகாருக்குக் காரணம் எதுவும் தென்படாததால் முடித்துவைக்கப்பட்டது.

வியாழக்கிழமை இருவரும் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்து, ஏழு மணிக்குத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே ஆளுக்கொரு தம்ளரை ஓசைப்படாமல் காலி செய்தார்கள். அன்றைய கணக்கு:

நாச்சிமுத்து குடித்தது ஒரு தம்ளர், ஒத்துக்கொண்டது பூஜ்யம். செங்காளியப்பன் குடித்தது ஒரு தம்ளர், ஒத்துக்கொண்டது பூஜ்யம். வளை ஏற்றம் அங்கே இரண்டு, இங்கே இரண்டு. திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள். வித்தியாசம் காலணா இல்லை, கணக்கு நேர்.