சட்டத்துக்குப் பின்னால்

கூரை ஒடிந்திருந்தது. இடது திரையில் சரிந்து ஏறிய ஓட்டு வரிசை, நடுத்திரைக்குள் நுழையும்போது ஒரு விரல் தள்ளித் தொடங்கியது.

காலையிலிருந்து இதே பாடு. மேசையில் மூன்று மானிட்டர்கள். கம்ப்யூட்டர் விளையாட்டு முதலில் நடுத்திரையில் மட்டும் திறந்தது. பிறகு மூன்றிலும் திறந்து ஒரே படத்தை மூன்று முறை காட்டியது. கடைசியில் மூன்றையும் இணைத்து, ஓரத்து மரங்களைப் பூசணிக்காயாக ஊதவிட்டது. அதையெல்லாம் சரிசெய்தால் இப்போது கூரை. வெயில் திரையில் பட்டுக் கண் கூசியதால் ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தான். மூடிய அறையில் சூடேறிய தூசியின் வாசனையும், மானிட்டர்களின் ஓயாத மெல்லிய ரீங்காரமும் கலந்து நின்றன.

இடது மானிட்டர் அவன் மனைவியுடையது. பழசு. திரையைச் சுற்றிய சட்டம் தடிமன். அவள் மவுஸைப் பிடிக்கும்போது, சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிக் கோணிப்போன சுண்டுவிரல் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்த விளையாட்டில் ஏரிக்கரையில் ஒரு வீடு கட்டியிருந்தாள். மூன்று திரை சேர்த்துப் போட்டு அதை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது மானிட்டர் வந்தபோது அவள் இல்லை. அவளுடைய துணிமணிகளை எடுத்துக் கொடுத்தாயிற்று. மிச்சம் இந்த வீடுதான். ஒருமுறையாவது ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும்.

அவளுடைய தம்பிக்கு ஃபோன் போட்டான்.

“அத்தான், சாப்டீங்களா?”

“கூரை ஒடியுதுடா.”

“எந்தக் கூரை?”

“அவ வீட்டுக் கூரை.”

மைத்துனன் தொண்டையைச் செருமினான். “மானிட்டர் சட்டத்தோட அகலத்த செட்டிங்ஸ்ல குடுத்தீங்களா? அந்த அளவுக்குப் படத்த மறைச்சுக்கும். அப்பதான் கோடு நேராகும்.”

“மறைஞ்ச படம் எங்க போகும்?”

“ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி தெரு இல்லாமயா போயிடுது? அங்கதான் இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் படிச்ச ஆளு நீங்க, என்னப் போய்க் கேக்கறீங்க! அக்கா இருந்திருந்தா கழுவி ஊத்தியிருப்பா.”

சட்டத்தை அளந்து எண்ணைக் கொடுத்தான். கூரை நேரானது. வீடு முழுசாக நின்றது.

நடுத்திரையின் இடது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, மூன்று விரல் நுனிகள் தெரிந்தன.

பார்வையைத் திருப்பினான். வீடு நகர்ந்தது. ஏரி வந்தது. விரல்கள் நகரவில்லை. இடது திரையின் வலது ஓரத்தில் ஒரு கீற்று கூந்தல். இடையில், தடித்த சட்டத்துக்குப் பின்னால், யாரோ நின்றிருந்தார்கள்.

எழவெடுத்த விளையாட்டு. மூடித் திறந்தான். விரல்கள் அங்கேயே இருந்தன. சுண்டுவிரல் மட்டும் எட்டாமல் சட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும். அவள் விளையாட்டில் தன் உருவத்தை அந்த வீட்டிலேயே விட்டுப் போயிருக்கலாம். இருக்கலாம்தானே? எண்ணைக் குறைத்தான்.

கூரை ஒடிந்தது. ஒரு தோள் தெரிந்தது.

இன்னும் குறைத்தான். காது. கழுத்து.

பூஜ்ஜியம்.

யாரும் இல்லை. திறந்த கதவு. வெற்று முற்றம். எண்ணை ஏற்றினான், இறக்கினான். கூரை ஒட்டியது, ஒடிந்தது. மேசையை ஓங்கிக் குத்தினான்.

“எங்கடி போன?”

ரீங்காரம் நின்றது.

திரைகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. அவள் மானிட்டர் மட்டும் மெல்ல அசைந்தது. அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அங்கே ஏதோ உரசியது.

கறுப்புச் சட்டத்தின் மேல், பின்னாலிருந்து, ஒவ்வொன்றாக விரல்கள் வந்து பற்றின. திரைக்குள் இல்லை. இந்தப் பக்கம்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவன் சுண்டுவிரலுக்காகக் காத்திருந்தான்.

அதுவும் வந்தது.

நேராக இருந்தது.