கண்ணாடிக்கு அந்தப்பக்கம்

அந்த அம்மா நான் வேலை பார்க்கும் ஸ்கேன் அறைக்கு வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். கைத்தாங்கலாக அழைத்து வந்தவர் அவருடைய அண்ணன், பஸ் ஓட்டுநர். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"எட்டு மாசமா சரியாத் தூங்கல சார். கண்ணை மூடினா அலறுறா. இருக்கிறது ஒரே தங்கச்சி, இவளும் என் கையை விட்டுப் போயிடுவாளோன்னு பயமா இருக்கு."

ஏரிக்குள் கார் பாய்ந்த கதையை அவர்தான் சொன்னார். தங்கை ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டார். பின்சீட்டில் ஆறு வயது மகள். மூன்று முறை மூச்சுப் பிடித்து மூழ்கியும் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் குழந்தை தட்டிக்கொண்டே இருந்ததாம்.

மருத்துவர் போனில் என்னிடம் சொல்லியிருந்தார்: "அதிர்ச்சியில மூளை அபாய மணியை அணைக்க மறந்துடுச்சு. நடந்தது முடிஞ்சு போச்சுன்னே அதுக்குத் தெரியல. தலையில வேற அடி எதுவும் இல்லையேன்னு மட்டும் பாருங்க."

படுக்கவைத்து, காதில் ஹெட்போன் மாட்டினேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் ஜில்லென்றிருந்தன.

"எல்லாரும் ஞாபகம்னு சொல்றாங்க தம்பி. ஞாபகம் இல்ல. அவ இப்பவும் தட்டிட்டிருக்கா."

"அசையாம இருங்கம்மா, இருபது நிமிஷம்தான்" என்றேன்.

கைகளைப் பட்டைக்குள் பொருத்தி, கதவைச் சாத்திவிட்டு வெளியே கண்ணாடி ஜன்னல் முன் என் இருக்கையில் அமர்ந்தேன். இயந்திரம் வழக்கம்போல் இரைந்தது. திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அடி இல்லை, கட்டி இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. இரைச்சல் நின்றது.

டக். டக். டக்.

இயந்திரம் இன்னும் ஓடுகிறதோ என்று பார்த்தேன்.

ஓடவில்லை.

அந்த அம்மாவின் கைகள் இரண்டும் பட்டைக்குள் அசையாமல் கிடந்தன. தட்டும் சத்தம் அவர் படுத்திருந்த ஸ்கேன் குழாயின் உள்ளிருந்து வந்தது. சிறிய கை தட்டுவதுபோல். நான் இருந்த அறை முழுக்கச் சேற்று வாடை.

ஒலிபெருக்கியில் அவர் குரல் உடைந்தது. "தம்பி... கேக்குதா?"

கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"கேக்குதும்மா."

அவர் விம்மினார். எட்டு மாதத்தில் அவரை நம்பிய முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. தட்டல் வேகமெடுத்தது. அவர் மூச்சு திணறியது, தண்ணீருக்குள் கிடப்பவரைப்போல. நான் என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் மைக்கை அழுத்தினேன்.

"அம்மாவை விட்டுடு கண்ணு. அவங்க எவ்வளவோ போராடிப் பார்த்தாங்க. முடியல. விட்டுடும்மா."

சத்தம் நின்றது.

ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தேன். அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, குழந்தைபோல.

நான்கு நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன. "நல்லாத் தூங்குறா சார். நேத்து பாப்பா படத்தை எடுத்து வெச்சுகிட்டு வாய்விட்டு அழுதா. இத்தனை நாள்ல அவ அழுது நான் பார்த்ததே இல்ல. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

மனசு நிறைந்துதான் போனை வைத்தேன்.

அப்போது ஸ்கேன் அறைக்குள் இருந்தவர் முதுகு வலிக்காக வந்த தபால்காரர். வெளியே வந்து, செருப்பை மாட்டியபடி என்னைப் பார்த்தார்.

"உள்ள ஒரு பாப்பா ரொம்ப நேரமா உக்காந்திருக்கே சார். அதுக்கு எப்போ ஸ்கேன் எடுப்பீங்க?"