இதமா இருக்கு

கட்டில் மாறிவிட்டது.

பெயரைக் கேட்காமல் நோயாளியைத் தொடக்கூடாது என்பது நர்சிங் பள்ளியின் முதல் வகுப்பிலேயே படித்ததுதான். ஆனால் பயிற்சி மாணவி வாசிதி மழையில் நனைந்து தாமதமாக வந்திருந்தாள். வார்டு சிஸ்டர் ஷலேஷ்னி பார்ப்பதற்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். குடலிறக்க ஆபரேஷன் ஆன கிழவர் என்று நினைத்துப் போர்வையை இழுத்தாள். உள்ளே ஓர் இளைஞன்.

"என்ன தேடறே? சொன்னா நானும் சேர்ந்து தேடுவேன்ல?" என்றான்.

கண்கள்... ஆழமில்லாத கடலில் வெயில் இறங்கியது போல ஒரு மினுமினுப்பு. வாசிதி போர்வையை அவசரமாக விட்டாள்.

"மன்னிச்சுக்குங்க... பக்கத்துக் கட்டில்."

"தாத்தா எங்கயும் ஓடமாட்டாரு. எந்த ஊரு நீ?"

கோரோ தீவில் இருக்கும் தன் ஊரின் பெயரைச் சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது.

"போச்சு. ஆமை திருடற ஊரு. நான் புவாக்காரன். பேரு சைலோசி."

புவாவில் எந்த ஊர் என்று கேட்டதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இரண்டு ஊருக்கும் தவுவூ உறவு, ஒரே குலதெய்வத்தின் வழி வந்த பங்காளி முறை. எப்படி வேண்டுமானாலும் ஏசலாம்... தட்டில் இருப்பதைப் பிடுங்கித் தின்னலாம்... கோபித்துக்கொள்ளத்தான் கூடாது.

"அடுத்தவன் வலையில மீன் எடுக்கிற ஊருக்காரங்க எங்களைத் திருடன்னு சொல்றீங்களா?" என்றாள்.

"எடுத்தா என்ன? உங்க ஊர்க்காரங்களுக்கு வலை போடத்தான் தெரியும்... எடுக்கத் தெரியாதே."

"சிரிப்பெல்லாம் முடிஞ்சுதா?" சிஸ்டர் ஷலேஷ்னி பின்னால் நின்றிருந்தார். "நல்லாத்தானே பழகறே. இவனை நீயே பார்த்துக்கோ."

அப்போதுதான் அவனைப் பற்றித் தெரிந்தது. கடல் அட்டை எடுக்கக் காற்றுச் சிலிண்டரோடு ஆழத்துக்குப் போனவன், மேலே வரும்போது அவசரப்பட்டுவிட்டான். ரத்தத்தில் காற்றுக் குமிழிகள். அழுத்த அறையில் வைத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். விலா எலும்புக்குக் கீழே உணர்ச்சியோ அசைவோ திரும்பவில்லை.

"கொஞ்சமாவது உணர்ச்சி வந்தா இங்கயே வச்சுப் பயிற்சி கொடுக்கலாம்," என்றார் சிஸ்டர். "வரலைன்னா படுக்கைப்புண் வராம பார்த்துக்கச் சொல்லி ஊருக்கு அனுப்பவேண்டியதுதான். அங்க யாரு பார்ப்பா? எத்தனை பேரைப் பார்த்துட்டேன்..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அப்படி ஊருக்குப் போனவர்கள் அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை என்பது முடிக்காமலே புரிந்தது.

வாசிதி ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், முதுகைத் துடைத்தாள், குதிகால் படுக்கையில் அழுந்தாமல் தலையணை கொடுத்தாள். பிறகு பஞ்சும் குண்டூசியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கண்ணை மூடிக்கோ. தொடும்போது சொல்லு."

மூடினான். மறுகணமே திறந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"மூடினா தண்ணிக்குள்ள போயிடறேன். வேணாம்... ப்ளீஸ்."

கண்ணை மூடாமல் செய்கிற சோதனை சோதனையே இல்லை. அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கண்களை மூடச் சொல்ல மனம் வரவில்லை. முழங்காலுக்கு மேல் போர்வையை மடித்து, காலை அவன் பார்க்க முடியாதபடி மறைத்தாள்.

"தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல தவுவூ."

அவள் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வெளியே மழை. சே... நர்ஸ் ஆகப்போகிறவள் இதற்கெல்லாம் அழலாமா?

மறுநாள் கட்டைவிரலைத் தொட்டபோது அவன் தயங்கினான். பிறகு, "ஏதோ... எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே," என்றான்.

அதன் பின் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு இடம் உயிர் பெற்றது. வாசிதி எழுதிக் காட்டினாள். சிஸ்டர் புருவத்தைத் தூக்கினார். டாக்டர், பயிற்சிப் பிரிவில் இடம் கேட்கலாம் என்றார். வாசிதி விடுதிக்குப் போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டு போனாள்... அவன் எழுந்து நிற்பான். தன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஏசிக்கொண்டே நடப்பான்.

குளிர்ந்த மழை நாளொன்றில் அவன் பெரியம்மா லுசியானா வந்தாள். வெந்நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றை, இடுப்பில் கட்டும் சுலு துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"கால் ஐஸ் மாதிரி இருக்கே மகளே. இதை வைக்கட்டுமா?"

உணர்ச்சி இல்லாத உடம்பில் சூடு வைக்கக்கூடாது. ஆனால் இவனுக்குத்தான் வந்துவிட்டதே. வாசிதி பாட்டிலைப் பாதத்தோடு சேர்த்து வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சுடுதா?"

"இல்ல. இதமா இருக்கு."

அவள் சாப்பிட்டுத் திரும்பியபோது சிஸ்டர் ஷலேஷ்னி போர்வையை விலக்கியிருந்தார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். தோல் உரிந்து தொங்கியது. அவனோ தலையை ஒருபக்கம் சாய்த்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவனை எழுப்பிக் கண்ணைத் துணியால் கட்டி, சிஸ்டரே ஊசியை எடுத்தார். பாதம். முழங்கால். தொடை. வயிறு. பயத்தில் மூச்சு வாங்கியபடி படுத்திருந்தான், ஒரு வார்த்தை வரவில்லை. விலா எலும்பு வந்ததும்தான், "ஆமா" என்றான்.

"நான்தான் பொய் சொன்னேன், சிஸ்டர். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

"தப்பு யாரு மேலங்கறது அந்தப் புண்ணுக்குத் தெரியாது," என்றார் சிஸ்டர். குரலில் கோபம்கூட இல்லை. "சீழ் வச்சா காலை எடுக்கணும். வாசிதி, நாளையிலேருந்து நீ இந்த வார்டுக்கு வரவேண்டாம்."

சிஸ்டர் போனபின் வாசிதி புண்ணுக்குக் கட்டுப் போட்டாள். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"ஏசிடு. ஊரையும் சேர்த்து ஏசு," என்றான்.

"உன்கிட்ட எனக்குப் பேச்சில்ல. என்னை முட்டாளாக்கிட்டே."

"குத்தறப்ப நீ மூச்சைப் பிடிச்சுக்குவே. அதைப் பார்த்துத்தான் சொன்னேன். முதல் நாளு இல்லைன்னேன்... ஜன்னல்கிட்ட போய் நின்னியே, அதுக்கப்புறம் என்னால இல்லைன்னு சொல்ல முடியல. நான் ஆமான்னா உன் முகம் எப்படி ஆகும்னு நீ பார்த்ததே இல்ல."

அவள் கட்டின் முடிச்சை இறுக்கினாள். எவ்வளவு இறுக்கினாலும் அவனுக்கு வலிக்காது. அந்த நினைப்பில் அதுவரை அடக்கியிருந்தது உடைந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்னது?"

"ஒரு நாள் ஊசியே வைக்காம மூச்சைப் பிடிச்சேன். நீ ஆமான்னே."

பக்கத்துக் கட்டில் கிழவர் இருமினார்.

"மறுநாளும் உன் கண்ணைக் கட்டல. சிஸ்டர்கிட்டயும் சொல்லல. ஒருவேளை நான்தான் தப்பா நினைக்கறேனோன்னு... தினமும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன். பாட்டிலை வச்சப்பவும்."

"அப்ப ஏன் வச்சே?"

"வைக்காம விட்டா உனக்கு ஒண்ணும் தெரியலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. உன்னை ஊருக்குக் கப்பல் ஏத்திடுவாங்க." அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. "நான் உன்னைப் போகவிட விரும்பல, சைலோசி. அதுக்கு விலையா உன் காலைக் கொடுத்திருக்கேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்களில் இப்போது மினுமினுப்பு இல்லை.

"நான் நடக்கமாட்டேன்."

"தெரியும்."

"ரொம்ப நாளும் இருக்கமாட்டேன்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுமா..."

"தெரிஞ்சுதான்," என்றாள். அவன் உள்ளங்கையை எடுத்துத் தன் ஈரக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.