புதன்கிழமைகளில் மூடியிருந்த கதவு

யாருமே வரவில்லை. ஆனாலும் அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றான்!

வெளியே மைனஸ் பதினான்கு. டிலக்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒஸ்லோவில் ஒரு வாசலுக்கு இரண்டு கதவுகள் எதற்கு? வெளிக்கதவு மூடிய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். நடுவிலிருக்கும் சின்ன அறை குளிரை மடக்கி வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றாகத் திறந்தாலோ, கனமான குளிர்காற்று தண்ணீர்போலத் தரையோடு ஓடிவரும். சூடு மேலால் நழுவிப்போகும். இந்த எளிய ஏற்பாடு எவ்வளவு சூட்டைக் காக்கிறது என்பதுதான் அவளுடைய முதுகலை ஆய்வு. இந்தப் பல்கலைக்கழக வாசலின் நடு அறையில் வெப்பமானி வைத்திருந்தாள். தன்னாலேயே அளவு கெடக்கூடாதென்று தினமும் பக்கவாசலால்தான் போவாள். அப்படியிருந்தும் மூன்று வாரமாக, காலை எட்டுப் பத்துக்குத் திரையில் வெப்பநிலைக் கோடு செங்குத்தாய் விழுகிறது...

இன்று முந்திய ரயிலில் வந்து, உள்ளே ஒளிந்திருந்து பிடித்தேவிட்டாள். ஒரு கை வெளிக்கதவில், ஒரு கால் உள்கதவில்... ஆள் முற்றத்தையே பார்த்துக்கொண்டு! முதுகுப் பையில் தமிழ் எழுத்து.

“ஹலோ! ஆருக்குக் கதவைத் திறந்து வைச்சிருக்கிறியள்?”

துள்ளித் திரும்பினான். பெரிய கண்கள், இமையில் ஒரு பனித்துகள் உருகிக்கொண்டு... சே, கண்ணைப் பார்க்கவா வந்தாள்?

“நீங்க... உள்ளயா இருக்கீங்க?”

“இல்லை, வெளியிலை நிண்டு கதைக்கிறன்! முதல்லை அந்தக் காலை எடுங்கோ.”

கதவுகள் மூடின.

“சாரிங்க. நான் கிரிதர். திருச்சியிலேர்ந்து ஆராய்ச்சிக்கு வந்திருக்கேன். எங்க காலேஜ்ல கதவைச் சாத்தினாத்தான் திட்டுவாங்க.”

“ஏன்?”

கேட்டிருக்கக் கூடாது. கைகளை ஆட்டி விளக்கத் தொடங்கிவிட்டான்.

“தெக்கால ஓட்டை வெச்ச சுவர். காத்து அதுல நுழையும். சூடானதும் மேல ஏறும்ல, அதுக்குக் கூரை ஓரமா ஜன்னல். எங்க கட்டடம் காத்தை வழியனுப்பி வைக்கும். உங்க கட்டடம் சிறையில போடுது!”

“சிறையோ? இது இல்லாட்டி நீங்கள் இண்டைக்குக் குச்சி ஐஸ்! மூண்டு கிழமையா என்ர ஆய்வை நாசமாக்கிப்போட்டு...”

உள்ளே கோப்பி வாங்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சுருங்கியது.

“சரிங்க. இனிமே இந்த வாசல் பக்கமே வரல.”

வரவில்லைதான். அடுத்த வாரம் கோடு அழகாக, நேராக ஓடியது. மகிழ வேண்டியவள், எட்டுப் பத்தானதும் திரையைப் பார்த்து எரிச்சல்பட்டாள். அது எதற்கென்று அவளுக்கே விளங்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ஆய்வு மேற்பார்வையாளர் கரோலினா கூப்பிட்டார். அந்தச் சரிவுகளுக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். இல்லையேல் மூன்று வார அளவையும் தள்ளிவிட்டு அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும். அதுவும், புதன்கிழமைகளில் மட்டும் கோடு ஏன் விழவில்லை?

முற்றத்தில் போய்க்கொண்டிருந்த கிரிதரை மறித்து, நடு அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“புதன்கிழமையளிலை ஏன் கதவு திறக்கேல்லை?”

அவன் காலணியைப் பார்த்தான்.

“என்ர ஒரு வருசம் போகப்போகுது. சொல்லுங்கோ!”

“புதன்கிழமை... நீங்க வர மாட்டீங்களே.”

புதன்கிழமைகளில் அவள் ஹவுகன்ஸ்டுவாவிலுள்ள தன் வீட்டிலிருந்தே படிப்பாள்.

“மத்த நாள் எட்டுப் பத்துக்கு சிவப்புக் குல்லா போட்டு முற்றத்துல வருவீங்க. இந்த வாசலுக்குத்தான்னு முன்னாடியே திறந்து வெச்சிட்டு நிப்பேன். கடைசி நிமிஷத்துல பக்கவாசலுக்குத் திரும்பிடுவீங்க. சரி, நாளைக்காவது நேரா வருவாங்கன்னு...”

மூன்று வாரம். பன்னிரண்டு சரிவுகள். பன்னிரண்டும் அவளுக்காக!

“ஐயோ... இதைக் கரோலினாவுக்கு நான் எப்பிடி எழுதுறது?”

“உண்மையத்தான் எழுதணும். ஆராய்ச்சியாச்சே.”

வந்த சிரிப்பை அடக்கினாள். கன்னம் மட்டும் சுட்டது, இந்தக் குளிரிலும்.

“போன கிழமை கோடு நேராப் போச்சுது,” என்றாள் மெல்ல. “எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கேல்லை.”

அவன் கை கதவுப்பிடிக்குப் போனது.

“தொடாதையுங்கோ! நாளைக்கு நான் இந்த வாசலாலைதான் வருவன். திறந்து பிடிக்க வேண்டாம். ரெண்டையும் சாத்திப்போட்டு, இஞ்சை நடுவிலை நில்லுங்கோ.”

“நாளைக்குப் புதன்கிழமைங்க...”

“ஓம்,” என்றாள். “தெரியும். வாறன்.”