காந்தல்

மல்காஜ்கிரி வீட்டின் பூட்டு லேசில் திறக்கவில்லை. ராஜகோபால் தேங்காய் எண்ணெய் விட்டு, சாவியை ஆட்டி ஆட்டித் திருப்பினான். அவன் அம்மா சகுந்தலா செத்த கையோடு பூட்டிய வீடு. குடும்பம் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டது. இன்று முதல் வருஷப் படையல். அம்மா வாழ்ந்த இடத்தில்தான் போடவேண்டும் என்று அவனும் தம்பி கிட்டுவும் முடிவு செய்தார்கள். சமைக்கப்போவது மட்டும் ராஜகோபாலின் பெண்டாட்டி ரோகிணி.

கதவு திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது.

"சோறு காந்துது," என்றாள் ரோகிணி.

"ஒரு வருஷமா அடுப்பே எரியாத வீட்ல சோறு காந்துதா? பூஞ்சை வாசனைடி."

கிட்டு சிரித்தான். "அண்ணிக்குப் பசி."

பசிதான். காலையில் இவர்களுக்குத் தோசை வார்த்துப் போட்டதில் மாவு தீர்ந்துபோனது. அவள் வயிற்றில் டீத்தண்ணி மட்டும்தான்.

வெளியே மழை மூட்டம். பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. நடு அறையைத் தாண்டித்தான் சமையலறை. அதன் பின்கதவு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. மாமியாரின் பழைய அலுமினியப் பானையைக் கழுவி உலை வைத்தாள். நுனி தேய்ந்த இரும்புக் கரண்டி ஆணியில் அப்படியே தொங்கியது.

கூடத்தில் பேச்சு.

"அம்மாவுக்கு என்னடா பிடிக்கும்?"

"வஞ்சிரம் வறுவல்னா உயிராச்சேண்ணா."

"ஹவ், ஆமாண்டா! அப்புறம் கேசரி."

ரோகிணி அரிசியைக் களைந்து உலையில் கொட்டினாள். வஞ்சிரம் கிட்டுவுக்குப் பிடிக்கும். கேசரி ராஜகோபாலுக்கு. அந்தப் பொம்பளைக்கு எது பிடிக்கும் என்று பெற்ற பிள்ளை ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி அவள் ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

ஜோலார்பேட்டையிலிருந்து லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வாழ வந்தவள் சகுந்தலா. புருஷன் குடியில் விழுந்ததும், தனிக்கட்டையாக இருந்த தொழிலாளிகளுக்குச் சோறாக்கிக் கேரியர் கட்ட ஆரம்பித்தாள். அரிசி மூட்டையைத் தோளில் சுமந்தாள். கொதிக்கும் கஞ்சியை வடித்து வடித்து முன்கை முழுக்கத் தழும்பு. கேரியர்கள் போனபிறகு புருஷன் சாப்பிடுவான், பிறகு பிள்ளைகள். கடைசியில் தொட்டியருகே நின்றபடியே, பானையடியில் கருகி ஒட்டிய காந்தலைக் கரண்டியால் சுரண்டி, மோர்த்தண்ணி ஊற்றி விழுங்குவாள். பிள்ளைகள் சம்பாதித்து, இந்த மல்காஜ்கிரி வீட்டுக்கு வந்து அரிசி குவிந்தபிறகும் அந்தக் கரண்டிச் சத்தம் ஓயவில்லை.

அவள் போனதும் பானையடி ரோகிணிக்கு வந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் தட்டு காலியாக இருப்பதை யாரும் பார்க்கவுமில்லை.

இன்றோடு சரி. கேசரியைக் கிளறிக்கொண்டே பல்லைக் கடித்தாள். இன்று முதல் பந்தி எனக்கு.

சகுந்தலாவின் படம் நடு அறையில் இருந்தது. அதன் முன் இலை போட்டு எல்லாம் பரிமாறி, விளக்கேற்றி, கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் கூடத்துக்கு வந்தார்கள். செத்தவர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்றுதான் சாத்துவது. பிறகு கையைத் தட்டிவிட்டுத் திறக்கவேண்டும்.

சமையலுக்கு நடுவே பிடித்த மழை நின்றிருந்தது.

சரக்.

கிட்டு அண்ணனைப் பார்த்தான்.

சரக்... சரக்.

இரும்பு அலுமினியத்தில் உரசும் சத்தம். நடு அறையிலிருந்து இல்லை. அதற்கும் உள்ளே, சமையலறையிலிருந்து.

"எலி," என்றான் ராஜகோபால்.

ரோகிணி ஓங்கிக் கையைத் தட்டிவிட்டுக் கதவைத் தள்ளினாள். சத்தம் நின்றது. இலையில் ஒரு பருக்கை கலையவில்லை. சமையலறைப் பானையில் வெள்ளைச் சோறு கும்பாரமாக அப்படியே இருந்தது. பானையைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள்.

அடியில் ஒரு துளி காந்தல் இல்லை. மேலிருந்த சோறு கலையாமல், அடி மட்டும் பளபளவென்று சுரண்டப்பட்டிருந்தது.

ஆணியில் தொங்கிய கரண்டி ஈரமாக ஆடிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே வந்த கிட்டு வாசலுக்குப் பின்வாங்கினான். "நக்கோண்ணா, வேணாம், போயிடலாம்."

ராஜகோபால் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான். "வெறும் பிரமைடா. ரோகிணி, இலையைப் போடு. சாப்பிட்டுட்டே கெளம்பலாம்."

அவளுக்குள் ஏதோ அறுந்தது. கரண்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள். எங்கோ தகரத்தில் மோதி விழுந்தது. சோற்றுத் தாம்பாளத்தோடு வெளியே வந்து, சமையலறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். நடு அறையில் இரண்டு இலை போட்டு, இரண்டிலும் சுடுசோறு குவித்து, ஒன்றின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"யாருக்குடி இன்னொண்ணு?"

"உங்களுக்கு இல்ல. நீங்க ரெண்டு பேரும் கடைசியா சாப்பிடுங்க."

முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு, சாத்திய கதவைப் பார்த்து இரைந்தாள். "அத்தே! செத்தும் திருந்தலையா நீங்க? வாங்க, வந்து உக்காருங்க. சோறு ஆறுது."

விளக்கு ஒருமுறை தாழ்ந்து எழுந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், வறண்ட குரல்.

"புள்ளைங்க சாப்ட்டாங்களா?"

கிட்டு அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். ராஜகோபாலின் கண்கள் பழக்கம் மாறாமல் பெண்டாட்டி பக்கம் திரும்பின.

ரோகிணி எழுந்திருக்கவில்லை. "உங்க அம்மாதானே? சாப்பிட்டோம்னு பொய்யாவது சொல்லுங்க. அப்பவாவது உக்காரட்டும்."

அவன் வாய் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

பக்கத்து இலையில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள்.

உள்ளே மறுபடியும் சுரண்டல் ஆரம்பித்தது.

கரண்டி இல்லை இப்போது.

நகம்.