பின் சீட்டில் பாரம்

மழை கொட்டப்போகிறது என்று வானம் கறுத்திருந்த மாலையில், கூரியர்காரர் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

“ஓடும்போது ஒரு குறையும் இல்ல, டியூனிங். நின்னா போதும், ஆஃப் ஆயிடுது. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனதுலேர்ந்து இதே ரோதனை. உதைச்சு உதைச்சுக் காலே வீங்கிப் போச்சு.”

எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவதால், மெக்கானிக்குக்கு அந்தத் தெரு வைத்த பெயர் டியூனிங்.

கார்புரேட்டரைக் கழற்றினான். அடைப்பு ஏதும் இல்லை. பிளக்கை மாற்றினான். எங்கேயாவது காற்று கசிகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தான். வண்டி நிற்கும்போது எஞ்சின் அணையாமல் ஓட, ஐடிலிங் ஸ்குருவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தான். ஸ்டாண்டில் நின்றபடி எஞ்சின் சமர்த்தாக ஓடிக்கொண்டே இருந்தது.

“நல்லாத்தானே நிக்குது?”

“ரோட்டுல ஓட்டிப் பாருங்க. நான் வரல, இங்கயே இருக்கேன்.” பின் சீட்டுப் பக்கம் கண்ணைத் திருப்பாமலே சொன்னார் கூரியர்காரர்.

தெருமுனையில் ஒரு லாரி குறுக்கே வந்தது. டியூனிங் பிரேக் பிடித்தான். இரண்டு முறை விக்கிவிட்டு எஞ்சின் அடங்கியது.

அப்போதுதான் கவனித்தான். ஹேண்டில் லேசாக இருந்தது. பின்சக்கரம் அமுங்கியிருந்தது. ஆள் ஏற்றிய வண்டி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

கண்ணாடியில் பார்த்தான். காலி சீட்டு. காலி ரோடு.

இன்னும் ஒரு சொட்டு மழைகூட விழவில்லை. ஆனால் நாள் கணக்கில் நனைந்து ஊறிய துணியின் வாடை அவன் பிடரியில் அடித்தது.

“வீடு வந்துடுச்சா?”

பெண் குரல். காதோரத்தில்.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். “இ... இல்ல.”

பின்னால் ஒரு பெருமூச்சு. ஒரே உதையில் எஞ்சின் கிளம்பியது.

எங்கேயும் நிற்கக் கூடாது என்ற ஒரே நினைப்பில் முறுக்கினான். பட்டறைத் திருப்பத்தைத் தாண்டியதுகூடத் தெரியவில்லை. பயந்தவன் கை எந்தப் பக்கம் திரும்பும்? வீட்டுப் பக்கம்தான் திரும்பியது.

தன் வீட்டு வாசலைப் பார்த்ததும்தான் அவனுக்கு உறைத்தது. கடந்து போய்விட நினைத்தான். அதற்குள் பிரேக் தானாக இறுகியது.

எஞ்சின் அடங்கியது.

“வீடு வந்துடுச்சா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். கதவு திறந்தது. அவன் மனைவி, நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி எட்டிப் பார்த்தாள்.

“வந்துட்டீங்களா?”

தினமும் சொல்கிற பதில், யோசிக்கும் முன்னே வாயிலிருந்து நழுவிவிட்டது. “வந்துட்டேன்.”

பின்சக்கரத்து ஸ்பிரிங் கிறீச்சிட்டு மெதுவாக மேலே எழும்பியது.

“ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? மழை வருது, வண்டிய ஓரமா விட்டுட்டு உள்ள வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே திரும்பினாள்.

“போகாத! வெளிய வா!” கத்தியதாகத்தான் நினைத்தான். காற்றுதான் வந்தது. கால்கள் தரையோடு தரையாகிவிட்டன.

யாரும் உதைக்காமலே எஞ்சின் உயிர்பெற்றது. விக்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை. அவன் காது இதுவரை கேட்டதிலேயே அருமையான ஐடிலிங்.

அந்தச் சத்தத்துக்கு மேலாக, உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. கொஞ்சம் எரிச்சலாக, கொஞ்சம் நடுக்கமாக.

“ஏங்க, யாருங்க இது? தொட்டில் எங்கன்னு கேக்கறாங்க.”